நினைவும் ஐயமும்: தாஹா ஹுசைனின் 1926ஆம் ஆண்டு எழுத்துகளில் வாய்மொழி மரபு குறித்த விசாரணை

ஆய்வுச் சுருக்கம்

எகிப்திய அறிஞர் தாஹா ஹுசைன் (1889–1973) நவீன அரபு இலக்கிய ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவர். 1926ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட ‘ஜாஹிலிய்யாக் கவிதை குறித்து’ (ஃபிஷ் ஷிஃரில் ஜாஹிலீ) என்னும் நூல் பெரும் எதிர்ப்புக்கும் அரசு விசாரணைக்கும் உள்ளானது. அதே ஆண்டின் இறுதியில் இவருடைய தன்வரலாறான ‘நாட்கள்’ (அல்-அய்யாம்) இதழில் தொடராக வெளிவரத் தொடங்கியது. முன்னது திறனாய்வாகவும் பின்னது புனைவுச் சாயல் கொண்ட வாழ்க்கை வரலாறாகவும் தனித்தனியே பயிலப்பட்டு வருகின்றன. மனப்பாடத்தின் வழியாகக் கையளிக்கப்படும் ஒரு பனுவலை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் ஒரே வினாவை இவ்விரு நூல்களும் எழுப்புகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தாஹா ஹுசைனின் முடிவுகள் பிற்கால ஆய்வில் பெரிதும் மறுக்கப்பட்டபோதும் அவர் எழுப்பிய வினா நிலைபெற்றமைக்கான காரணத்தையும் இது ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தாஹா ஹுசைன், ஜாஹிலிய்யாக் கவிதை, வாய்மொழி மரபு, ராவி, பனுவல் ஆய்வு, அல்-அய்யாம்.

முன்னுரை

இஸ்லாம் தோன்றுவதற்கு முந்தைய காலத்தை அரபு மரபு ‘ஜாஹிலிய்யா’, அதாவது அறியாமைக் காலம் என வழங்குகிறது. அக்காலத்தில் பாடப்பட்டனவாகக் கருதப்படும் கவிதைகள் அரபு இலக்கியத்தின் தொடக்கமாக மதிக்கப்படுகின்றன. ‘முஅல்லகாத்’ எனப்படும் நெடும்பாடல்களும் இம்ருல் கைஸ் முதலிய கவிஞர்களின் பாடல்களும் இவற்றுள் அடங்கும். திருக்குர்ஆனின் அருஞ்சொற்களுக்குப் பொருள் காணவும் இலக்கண விதிகளை நிறுவவும் பழைய அறிஞர்கள் இக்கவிதைகளையே சான்றாகக் கொண்டனர். ஆகவே இக்கவிதைகளின் உண்மைத்தன்மையை ஐயுறுவது இலக்கிய எல்லைக்குள் மட்டும் அடங்கும் செயலாக இருக்கவில்லை. மொழியியலும் சமய விளக்கவியலும் வரலாறும் அதனால் ஒருசேர அசைந்தன.

இக்கவிதைகள் பெரும்பாலும் ‘ராவி’ எனப்பட்ட ஓதுநர்களின் நினைவிலேயே வாழ்ந்து, ஏறத்தாழக் கி.பி. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பஸ்ரா, கூஃபா நகரங்களின் அறிஞர்களால் தொகுக்கப்பட்டன. பாடப்பட்ட காலத்திற்கும் தொகுக்கப்பட்ட காலத்திற்கும் இடையே பல தலைமுறைகள் கழிந்தன. இந்த இடைவெளியே தாஹா ஹுசைனின் ஐயத்திற்குக் களமாயிற்று.

இரு கல்வி மரபுகள்

தாஹா ஹுசைன் 1889ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மேல் எகிப்தின் மின்யா மாகாணத்தில், மகாகா நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தில் ஏழாமவர். குழந்தைப் பருவத்தில் கண்நோய்க்கு நாவிதர் செய்த தவறான சிகிச்சையால் பார்வையை இழந்தார். ‘குத்தாப்’ எனப்படும் ஊர்ப்பள்ளியில் குர்ஆனை மனப்பாடம் செய்தபின் 1902இல் கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் சேர்ந்தார். மூல நூலைக் காட்டிலும் அதன் உரைக்கும் உரையின் உரைக்கும் முதன்மை தந்த அங்கிருந்த பாடமுறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. சையித் அல்-மர்ஸஃபீ நடத்திய இலக்கிய வகுப்பு அதற்கு விலக்காக அமைந்தது. பழங்கவிதைத் தொகைகளைச் சொல் சொல்லாக நுணுகி வாசித்துச் சுவைநலனைத் தயக்கமின்றி மதிப்பிடும் முறையை அவரிடமே தாஹா ஹுசைன் கற்றார்.

1908இல் எகிப்தியப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாணவர்களுள் ஒருவரானார். இத்தாலியக் கீழைத்தேயவியலாளர் கார்லோ நல்லீனோ அங்கு அரபு மொழியிலேயே அரபு இலக்கிய வரலாற்றைக் கற்பித்தார். இலக்கியத்தைக் காலவரிசையிலும் அரசியல், சமூகப் பின்னணியிலும் வைத்துக் காணும் முறை இதன்வழி அறிமுகமாயிற்று. மர்ஸஃபீயிடமிருந்து பனுவலை வாசிக்கவும் நல்லீனோவிடமிருந்து பனுவலின் வரலாற்றைக் கேட்கவும் தாஹா ஹுசைன் பழகினார் எனலாம்.

இவ்விரு பயிற்சிகளும் இணைந்த முதல் ஆக்கம், பார்வையற்ற கவிஞரும் ஐயவாதியுமான அபுல் அலா அல்-மஅர்ரீ குறித்து அவர் எழுதிய ஆய்வேடாகும். இதற்கென 1914இல் அப்பல்கலைக்கழகம் வழங்கிய முனைவர் பட்டமே அது வழங்கிய முதல் முனைவர் பட்டம். பின்னர்ப் பிரான்சில் மோன்பெலியே நகரிலும் பாரிசின் சோர்போனிலும் பயின்று, இப்னு கல்தூனின் சமூகத் தத்துவம் பற்றிப் பிரெஞ்சு மொழியில் மற்றோர் ஆய்வேட்டை எழுதினார். அதன் தொடக்கநிலை நெறியாளர்களுள் எமில் துர்கைமும் ஒருவர். 1919இல் தாயகம் திரும்பிப் பண்டைய கிரேக்க, உரோமானிய வரலாற்றுப் பேராசிரியரானார். பல்கலைக்கழகம் 1925இல் அரசு நிறுவனமானபோது அரபு இலக்கியப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். சர்ச்சைக்குள்ளான நூல், அப்பொறுப்பில் அவர் நிகழ்த்திய விரிவுரைகளிலிருந்து உருவானது.

‘ஜாஹிலிய்யாக் கவிதை குறித்து’: வாதத்தின் அமைப்பு

நூலின் தொடக்கத்திலேயே தாஹா ஹுசைன் டெகார்ட்டின் ஐயமுறையைத் தம் வழியாக அறிவிக்கிறார். ஆய்வாளர் தம் இனப்பற்றையும் சமயப்பற்றையும் ஆய்வின் பொழுது ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதும், முன்னோர் கூறினர் என்பதற்காக எதனையும் ஏற்கலாகாது என்பதும் இம்முறையின் சாரம். ஜாஹிலிய்யாக் கவிதை எனப்படுவதில் பெரும்பகுதி இஸ்லாம் தோன்றிய பின்னர் இயற்றப்பட்டு முற்காலத்தார்மேல் ஏற்றப்பட்டது என்னும் முடிவை இதன்வழி அவர் முன்வைத்தார். ஜாஹிலிய்யா வாழ்வை அறிய அக்கவிதைகளைவிடக் குர்ஆனே நம்பகமான சான்று என்பதும் அவரது கருத்து.

அவருடைய வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, உள்ளடக்கம் பற்றியது. குர்ஆன் காட்டும் அரபுச் சமூகம் சமய விவாதங்களும் பொருளாதார முரண்களும் அயல்நாட்டுத் தொடர்புகளும் நிறைந்தது. கவிதைகளோ இவற்றைப் பெரிதும் காட்டவில்லை. இரண்டாவது, மொழி பற்றியது. தென் அரேபியாவின் ஹிம்யரி மொழி வட அரபு மொழியினின்றும் வேறுபட்டது எனக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வட அரேபியக் குலங்களுக்குள்ளும் வழக்கு வேறுபாடுகள் இருந்தன. அவ்வாறாயின் யமன் வழியினர் எனப்படும் இம்ருல் கைஸும் வடபுலக் கவிஞர்களும் ஒரே மொழியில், ஒரே யாப்பில் பாடியது எவ்வாறு? மூன்றாவது, போலிக்கவிதை தோன்றுவதற்கான காரணங்கள் பற்றியது. குலப்பூசல் சார்ந்த அரசியல், சமயத் தேவை, கதைசொல்லிகளின் தொழில், அரபியரல்லாத இனத்தார் தம் பெருமையை நிலைநாட்ட எழுப்பிய ஷுஊபிய்யா இயக்கம், ராவிகளின் நேர்மையின்மை ஆகிய ஐந்தையும் அவர் விரித்துரைக்கிறார்.

ஐந்தாவது காரணம் இக்கட்டுரைக்கு முதன்மையானது. ஹம்மாத் அர்-ராவியா, கலஃப் அல்-அஹ்மர் என்னும் புகழ்பெற்ற இரு ராவிகள்மீது பழைய அரபு அறிஞர்களே குற்றம் சாட்டியிருந்தனர். ஹம்மாத் கவிதையைச் சீர்செய்ய இயலாதவாறு கெடுத்துவிட்டார் என்பது கூஃபா அறிஞர் அல்-முஃபள்ளல் கூறியதாக வழங்கும் கருத்து. கலஃப் தம் முதுமையில் பக்தி நெறியில் ஈடுபட்டு, தாம் இட்டுக்கட்டிய பாடல்கள் இன்னவை எனக் கூஃபாவினரிடம் வெளிப்படுத்தினார் என்றும், அப்போது சொன்னதே இப்போது சொல்வதைவிட நம்பத்தக்கது எனக் கூறி அவர்கள் அதனை ஏற்க மறுத்தனர் என்றும் ஒரு செய்தி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் இப்னு ஸல்லாம் அல்-ஜுமஹீ, கவிஞர்களைத் தரவரிசைப்படுத்தும் தம் நூலில் போலிக்கவிதைச் சிக்கலை வெளிப்படையாகவே பேசியிருந்தார்.

எனவே தாஹா ஹுசைனின் ஐயம் முற்றிலும் ஐரோப்பிய இறக்குமதி என்னும் கருத்து மறுபரிசீலனைக்குரியது. ஆங்கிலேய அறிஞர் மார்கோலியத் 1925இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஏறத்தாழ இதே முடிவை முன்வைத்திருந்தார். அதனைக் கொண்டு தாஹா ஹுசைன் அவரைப் பின்பற்றியவர் என எதிர்ப்பாளர் சாடினர். ஆயினும் தாஹா ஹுசைன் பயன்படுத்திய சான்றுகளில் மிகுதியானவை அரபு மரபின் உள்ளிருந்தே எடுக்கப்பட்டவை. பழைய அறிஞர்கள் போலிப் பாடல்களை விலக்கி எஞ்சியதை நம்பினர். தாஹா ஹுசைனோ அனைத்தையும் ஐயுற்று, மெய்யானவற்றைத் தனியே நிறுவ வேண்டும் என்றார். மெய்ப்பிக்கும் பொறுப்பை இடம் மாற்றியதே அவர் செய்த புதுமையாகும்.

‘நாட்கள்’: மனப்பாடத்தின் உள்ளிருந்து ஒரு சாட்சியம்

நூல் எதிர்ப்புக்குள்ளாகியிருந்த 1926ஆம் ஆண்டின் இறுதியில் ‘அல்-ஹிலால்’ இதழில் ‘நாட்கள்’ வெளிவரத் தொடங்கி, 1929இல் நூல் வடிவம் பெற்றது. தாஹா ஹுசைன் இதில் தம்மை ‘நான்’ எனக் குறிப்பிடாமல் ‘சிறுவன்’ எனப் படர்க்கையில் குறிப்பிடுகிறார். தம் முதல் நினைவு எந்த நாளுக்கு, எந்த மாதத்துக்கு உரியது என உறுதியாகக் கூற இயலாமையைக் கூறியே நூலைத் தொடங்குகிறார். தன்வரலாறு எழுதுவோர் நினைவைச் சான்றாகக் கொள்வது வழக்கம். தாஹா ஹுசைனோ தம் நினைவையே முதலில் ஐயத்துக்கு உட்படுத்துகிறார். இது ஜாஹிலிய்யா நூலில் அவர் மேற்கொண்ட நிலைப்பாட்டோடு ஒத்திருப்பது கருதத்தக்கது.

குத்தாப் பள்ளி பற்றிய பகுதிகள் இவ்வொப்புமையை மேலும் உறுதிப்படுத்துகின்றன. ஒன்பது வயது நிறைவதற்குள் சிறுவன் குர்ஆனை மனப்பாடம் செய்து ‘ஷைகு’ என அழைக்கப்படுகிறான். பின்னர் ஓதுவதைக் கைவிட்டதால் மறந்துவிடுகிறான். விருந்தினர் முன்னிலையில் தந்தை ஓதச்சொன்னபோது இயலாமல் நாணுகிறான். மீண்டும் மனப்பாடம் செய்தபின், அவன் நாள்தோறும் ஓதுவதைக் கேட்டு உறுதிசெய்யும் பொறுப்பு பள்ளியின் சட்டாம்பிள்ளையிடம் ஒப்படைக்கப்படுகிறது. சட்டாம்பிள்ளைக்குக் கையூட்டுக் கொடுத்தால் ஓதாமலே ஓதியதாகச் சான்று கிடைக்கும் என்பதை அவன் அறிந்துகொள்கிறான். மற்றப் பிள்ளைகள் ஓதுவதைக் கேட்கும் பொறுப்பு தனக்கு வந்தபோது தானும் அவ்வாறே கையூட்டுப் பெறுகிறான். இறுதியில் அவன் மீண்டும் மறந்ததும் வெளிப்படுகிறது.

நகைச்சுவையோடு கூறப்படும் இந்நிகழ்ச்சிகளில் வாய்மொழிக் கையளிப்பின் உறுப்புகள் அனைத்தும் உள்ளன. பனுவல், அதை மனத்தில் ஏந்துபவர், கேட்டு உறுதிசெய்பவர், அந்த உறுதியை நம்பும் சமூகம் என்பனவே அவை. நினைவு தவறுவது ஒரு குறை. தவறிய நினைவுக்குப் பொய்ச்சான்று கிடைப்பது அதனினும் பெரிய குறை. எட்டாம் நூற்றாண்டின் ராவிகள்மீது தாஹா ஹுசைன் வைத்த குற்றச்சாட்டும் இதுவே. குர்ஆனின் பனுவல் இச்சிறுவனின் மறதியால் பாதிக்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அதற்கு எழுத்து வடிவமும் எண்ணற்ற ஓதுநர்களும் காவலாயிருந்தனர். ஒரு குலத்தின் ஒற்றை ராவியிடம் மட்டும் தங்கியிருந்த கவிதைக்கு அத்தகைய காவல் இல்லை. குர்ஆனைச் சான்றாக ஏற்றுக் கவிதையை ஐயுற்ற அவருடைய நிலைப்பாட்டை இவ்வேறுபாட்டின் பின்னணியிலும் விளங்கிக்கொள்ளலாம்.

தாஹா ஹுசைன் தம் வாழ்நாள் முழுவதும் பிறர் படிக்கக் கேட்டே கற்றார். சொல்லச்சொல்லப் பிறர் எழுதவே நூலாக்கினார். ஆகவே அவருடைய ஐயத்தை, எழுத்துப் பண்பாட்டைச் சேர்ந்தவர் வாய்மொழிப் பண்பாட்டின்மேல் காட்டிய இளக்காரமாகக் கொள்ள இயலாது. கேள்வியறிவாலேயே வாழ்ந்த ஒருவர் அதன் வலிமையையும் வழுவையும் அறிந்து எழுதியதாகவே அதனைக் கொள்ளவேண்டும்.

விசாரணையும் தீர்ப்பும்

இப்ராஹீம், இஸ்மாயீல் ஆகிய நபிமார் பற்றிக் குர்ஆனும் தவ்ராத்தும் கூறினும், அது மட்டுமே அவர்களின் வரலாற்று இருப்பை நிறுவப் போதாது என்னும் பொருள்பட நூலில் அமைந்த பகுதி கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. அல்-அஸ்ஹர் மாணவர் ஒருவரும், அல்-அஸ்ஹரின் தலைமை ஷைகும், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் அரசு வழக்குரைஞரிடம் முறையிட்டனர். முஸ்தஃபா ஸாதிக் அர்-ராஃபியீ, முஹம்மது அல்-கிழ்ர் ஹுசைன் உள்ளிட்டோர் மறுப்பு நூல்கள் எழுதினர். நாடாளுமன்றத்திலும் விவாதம் எழுந்தது.

விசாரணை அதிகாரி முஹம்மது நூர் 1927 மார்ச் 30 அன்று வழங்கிய முடிவு தனியே ஆராயத்தக்க ஆவணம். இப்ராஹீம், இஸ்மாயீல் பற்றிய கூற்று, குர்ஆனின் ஓதல் முறைகள் பற்றிய கூற்று, நபிகளாரின் குலமரபு பற்றிய கூற்று, அரபு நாட்டில் இஸ்லாத்தின் தொன்மை பற்றிய கூற்று ஆகிய நான்கு குற்றச்சாட்டுகளையும் அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நூலின் சான்றுகளைப் பல இடங்களில் குறைகூறினார். எனினும் ஆசிரியர் தம் ஆய்வுக்குத் தேவை எனக் கருதியே எழுதினார் என்றும், சமயத்தை இழிவுபடுத்தும் குற்றநோக்கம் இல்லை என்றும் கண்டு வழக்கை முடித்தார். பிழையான ஆய்வும் குற்றச்செயலும் வேறுவேறு என்னும் வரையறை இதன்மூலம் அரசு ஆவணமொன்றில் இடம்பெற்றது.

நூல் திரும்பப் பெறப்பட்டது. சர்ச்சைக்குரிய பகுதி நீக்கப்பட்டு, 1927இல் ‘ஜாஹிலிய்யா இலக்கியம் குறித்து’ என்னும் பெயரில் விரிவாக்கப்பட்டு மீண்டும் வந்தது. அடிப்படை முடிவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அத்துடன் இலக்கியக் கல்வியின் நிலையையும் இலக்கிய ஆய்வுக்கு வேண்டிய விடுதலையையும் பேசும் புதிய பகுதியை நூலின் முன்னே சேர்த்தார்.

முடிவுகளின் வீழ்ச்சியும் வினாவின் நிலைபேறும்

தாஹா ஹுசைனின் முடிவுகள் பிற்காலத்தில் பெரிதும் திருத்தப்பட்டன. குலவழக்குகளுக்கு மேற்பட்ட பொதுக் கவிதைமொழி ஒன்று இஸ்லாத்துக்கு முன்பே நிலவியிருக்கக்கூடும் என்னும் விளக்கம் அவரது மொழிவாதத்தை வலுவிழக்கச் செய்தது. நாஸிருத்தீன் அல்-அஸத் 1956இல் வெளியிட்ட ஜாஹிலிய்யாக் கவிதையின் மூலங்கள் பற்றிய நூல், அக்காலத்தில் எழுத்துப் பயன்பாடு எண்ணியதைவிடப் பரவலாக இருந்தது எனச் சான்றுகளோடு வாதிட்டது. அந்நூல் தாஹா ஹுசைன் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தில் உருவான ஆய்வேட்டின் நூல்வடிவம் என்பது குறிப்பிடத்தக்கது.

மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு ஆகியோரின் வாய்மொழி வாய்பாட்டுக் கோட்பாட்டை ஜேம்ஸ் மன்றோ 1972இலும் மைக்கேல் ஸ்வெட்லர் 1978இலும் இக்கவிதைகளுக்குப் பொருத்தினர். பாடபேதமும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களும் போலிமையின் அடையாளங்கள் அல்ல. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடப்படும் மரபின் இயல்புகள் என இவ்வணுகுமுறை விளக்கியது. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலில் இதே கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தியதைத் தமிழாய்வாளர் அறிவர். மெய்யா, போலியா என்னும் இருமை இவ்வாறு தன் கூர்மையை இழந்தது.

ஆயினும் அல்-அஸத் மூலங்களைத் தேடியதும் மன்றோ பாடல் உருவாக்கத்தை ஆராய்ந்ததும், கவிதை நம்மிடம் எவ்வாறு வந்துசேர்ந்தது என்னும் வினாவுக்கு விடை காணவே. 1926க்குப் பின்னர் அவ்வினாவைத் தவிர்த்துவிட்டு ஜாஹிலிய்யாக் கவிதையைப் பேச எவராலும் இயலவில்லை. அவரை மறுக்க முனைந்தவர்களும் சான்று, காலம், கையளிப்பு ஆகிய அளவுகோல்களைக் கொண்டே மறுக்க வேண்டியதாயிற்று.

நிறுவனப் பணிகள்

தாஹா ஹுசைனின் பிற்காலப் பொதுப்பணியும் இவ்வினாவோடு தொடர்புடையதே. கலைப்புலத் தலைவராக இருந்தபோது அரசியலாருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க இசையாததால் 1932இல் ஸித்கீ அரசு அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து அகற்றியது. அதனைக் கண்டித்துத் துணைவேந்தர் நிலையிலிருந்த அஹ்மத் லுத்ஃபீ அஸ்-ஸய்யித் பதவி விலகினார். தகுதியில்லாச் சான்று வழங்கலாகாது என்பதே இங்கும் அவருடைய நிலைப்பாடு. அவர் நெறிப்படுத்திய சுஹைர் அல்-கலமாவி, ‘ஆயிரத்தொரு இரவுகள்’ குறித்த ஆய்வுக்காக 1941இல் அப்பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். உயர் இலக்கியமாகக் கருதப்படாத ஒரு கதைமரபு அதன்வழிப் பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாயிற்று.

1938இல் எழுதிய ‘எகிப்தில் பண்பாட்டின் எதிர்காலம்’ என்னும் நூலில், அரபு மொழிக் கல்வி சமய அறிஞர்களின் தனியுரிமை ஆகாது என வாதிட்டார். 1950 முதல் 1952 வரை கல்வி அமைச்சராக இருந்தபோது பள்ளிக்கல்வியைக் கட்டணமற்றதாக விரிவாக்கினார். நீரும் காற்றும் போலக் கல்வி அனைவர்க்கும் உரியது என்னும் கருத்து எகிப்தில் இன்றும் அவர் பெயரோடே நினைக்கப்படுகிறது. 1963 முதல் 1973 அக்டோபரில் மறையும்வரை கெய்ரோ அரபு மொழிக் கழகத்தின் தலைவராக இருந்தார்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

‘ஜாஹிலிய்யாக் கவிதை குறித்து’, ‘நாட்கள்’ ஆகிய இரண்டும் நினைவின் சாட்சியத்தை ஆராயும் நூல்கள். முன்னது ஒரு பண்பாட்டின் நினைவையும் பின்னது ஒரு சிறுவனின் நினைவையும் விசாரிக்கின்றன.

தாஹா ஹுசைனின் ஐயமுறைக்கு டெகார்ட் மட்டுமே மூலமல்லர். இப்னு ஸல்லாம் முதலிய பழைய அரபுத் திறனாய்வாளரும், மர்ஸஃபீயின் வகுப்பும், குத்தாப் பள்ளியின் பட்டறிவும் அதற்கு அடித்தளமாயின.

அவருடைய முடிவுகள் மறுக்கப்பட்டதைக் கொண்டு அவருடைய பணியை அளவிடுவது பொருந்தாது. மரபை நேசிப்பவர் அதன் சான்றுகளைக் கேட்பதற்குத் தயங்கவேண்டியதில்லை என்பதை அவர் தம் எழுத்தால் காட்டினார். வாய்மொழியாகக் கையளிக்கப்பட்ட தொன்மையான பனுவல்களையுடைய எம்மொழி ஆய்வாளருக்கும் இது பொருந்தும். கேட்டதை நம்புவதற்கு முன், கேட்டவர் யார், சொன்னவர் யார், உறுதிசெய்தவர் யார் என வினவுவதும் மரபைப் பேணும் பணியின் ஒரு பகுதியே.